சீனி நைனாவின் இரண்டு மரணங்கள்

மார்ச் 1, ஞாயிறு

இந்த நாட்டின் பெயரையோ முகாமின் பெயரையோ எங்கும் எழுதக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. எழுதவில்லை. ஓர் அரபு நாடு, அதன் பாலைவனத்தில் ஓர் அமெரிக்க ராணுவ முகாம், அதில் ஒரு சாப்பாட்டுக்கூடம், அதில் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு முட்டை பொரிக்கும் திருவாடானை உடையப்பன். இவ்வளவு போதும்.

இன்று ஆயிரத்து நூறு முட்டை. அது முடிந்ததும் வழக்கம்போல வட்ட மேசைக்கு எலுமிச்சை மாற்றினேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரே ஆளுக்கான சின்ன மேசை. வெள்ளை விரிப்பு, பிளாஸ்டிக் ரோஜா, தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர், காலி நாற்காலி. போருக்குப் போய்த் திரும்பாத சிப்பாய்களுக்காக எல்லா அமெரிக்க முகாமிலும் இப்படி ஒன்று உண்டாம். எலுமிச்சை அவர்கள் பட்ட கசப்புக்கு, உப்பு வீட்டாரின் கண்ணீருக்கு. மூன்று வருடமாக நான்தான் நறுக்கி வைக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை. செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற வீட்டில் பிறந்தவன்தானே நானும்.

பத்து மணிக்கு லாண்டரியிலிருந்து சீனி நைனா வந்தான். சீனி நைனா முகமது, தொண்டிப் பக்கம், என்னைவிட நான்கு வயது இளையவன். சிப்பாய்களின் துணியைத் துவைத்துத் தேய்ப்பது அவன் வேலை. ஊரில் இருந்திருந்தால் ஒரே பஸ்ஸில் போய் வந்தும் முகம் தெரியாமலே இருந்திருப்போம். இங்கே ஒரே அறை. மேல்கட்டில் அவன், கீழ்க்கட்டில் நான்.

"ஒடையப்பண்ணே, அவிச்ச முட்ட எதுவும் மிஞ்சிருக்கா, இல்ல எல்லாத்தையும் வெள்ளக்காரனுக்குப் பொரிச்சுத் தள்ளிட்டீகளா?"

டிவியில் செனட்டர் ஹால்வர்சன் பேசிக்கொண்டிருந்தார். இந்த வருடம் அங்கே தேர்தல். கோட்டில் ஒரு குட்டிப் பதக்கம், கருவில் இருக்கும் குழந்தையின் காலடி படம் போட்டது. எல்லா உயிரும் புனிதம் என்பது அவருடைய கட்சிக் கொள்கை. முடிவில்லாத போர்களை முடித்துவைக்கப்போகிறாராம். இந்த நாட்டில் இருந்த சிப்பாய்களின் எண்ணிக்கையை எண்ணூறாகக் குறைத்துவிட்டாராம். அங்கே கை தட்டினார்கள்.

"கொறச்ச எடத்துலதான் நம்மள நெப்பி வச்சிருக்கான்," என்றான் நைனா. "நம்ம தலைய எவன் எண்ணப் போறான்?"

எண்ணூறு சிப்பாய்க்குச் சமைக்கவும் துவைக்கவும் கக்கூஸ் கழுவவும் வாசல் காக்கவும் ஆயிரத்து முந்நூறு பேர் இருக்கிறோம்.

மார்ச் 3, செவ்வாய்

நைனா போய்விட்டான்.

காலை ஆறே முக்காலுக்குச் சங்கு ஊதியது. ஆளில்லா விமானம். சிப்பாய்களின் குடியிருப்பைச் சுற்றிக் கான்கிரீட் பதுங்கு அறைகள் இருக்கின்றன. எங்கள் சமையலறைக்குப் பின்னாலும் ஒன்று உண்டு. லாண்டரி தகரக் கொட்டகை. அங்கிருந்து பதுங்க முந்நூறு அடி ஓட வேண்டும். நைனா ஓடவில்லையா, ஓட நேரம் இல்லையா, தெரியாது. நான் போனபோது கொட்டகையின் பாதி இல்லை. துவைத்த சட்டைகள் மணலில் கிடந்தன. அவன் இஸ்திரி மேசைக்கு அடியில் கிடந்தான். கண் திறந்திருந்தது.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 4, புதன்

எழுத வருகிறது. கோபத்தில் நன்றாகவே வருகிறது.

காலை உணவு நேரத்தில் டிவியில் அறிவித்தார்கள். "நேற்றைய தாக்குதலில் உயிரிழப்பு ஏதும் இல்லை." அதன் பிறகு செனட்டர் வந்தார். "ஓர் உயிர்கூடப் போகவில்லை. நாங்கள் அமைதியைத் தேர்ந்தெடுத்தோம், எங்கள் மக்கள் பத்திரமாக இருக்கிறார்கள்" என்றார். கூடத்தில் இருந்த நானூறு பேரும் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பையன் தட்டை நீட்டி, "இரண்டு முட்டை, மஞ்சள் உடையாமல்" என்றான். அவன் சட்டையைத் தேய்த்தவன் ஐஸ் அறையில் கிடக்கிறான்.

போட்டேன், மஞ்சள் உடையாமல்.

மார்ச் 5, வியாழன்

முகாமின் பாதிரியார் மேஜர் விட்கோம் என்னைத் தேடி வந்தார். ராணுவத்தில் எல்லா மதத்தின் இறுதிச் சடங்குக்கும் ஒரு கையேடு இருக்கிறது. அதைப் படித்துவிட்டே வந்திருந்தார். முஸ்லிமாக இருந்தால் உடலைக் குளிப்பாட்ட வேண்டும், ஒற்றைப்படையாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலக்க வேண்டும், மூன்று வெள்ளைத் துணி வேண்டும். "உங்கள் நண்பருக்கு எல்லாம் முறைப்படி நடக்கும். அமெரிக்கா எந்த மதத்தையும் அவமதிக்காது" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். அதை எழுதாவிட்டால் நான் பொய்யன்.

லாண்டரியில் நைனாவோடு வேலை பார்த்த வங்காளதேசத்து ரஃபீக்கும், வாசல் காவலுக்கு இருக்கும் உகாண்டாக்காரர் இஸ்மாயிலும் குளிப்பாட்டினார்கள். நான் நிற்கலாமா என்று கேட்டேன். "ஆள் இல்லாத இடத்தில் தண்ணீர் ஊற்ற யார் வந்தாலும் சரிதான்" என்றார் ரஃபீக். சமையலறையில் இளஞ்சூடாகத் தண்ணீர் வைத்துக் கொண்டுபோனேன். கற்பூரம் முகாமில் இல்லை. நான் சாமி கும்பிட ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பாவைக் கொடுத்தேன். வெள்ளைத் துணிக்கு மருத்துவமனைப் படுக்கை விரிப்பு மூன்று. மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றை மடித்தது நைனா.

தண்ணீர் ஊற்றும்போது எண்ணினேன். இடது பக்கம் ஏழு காயம். பெரியது விலாவுக்குக் கீழே, என் கட்டைவிரல் போகும் அளவு. ரஃபீக் ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்தார்.

மார்ச் 6, வெள்ளி

மதியம் ஞானதிரவியம் வந்தார். எங்களை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக் கம்பெனியில் ஆள் கணக்கு எழுதும் ராதாபுரத்துக்காரர். நம்ம ஆள் என்பதால் நம்மிடம் அவரைத்தான் அனுப்புவார்கள். கையில் ஒரே ஒரு தாள்.

"படிச்சுப் பாரும் வே," என்றார்.

சீனி நைனா முகமது, மார்ச் மூன்றாம் தேதி, பணியிடத்தில் மாரடைப்பால் இறந்தார் என்று இருந்தது. உடன் தங்கியிருந்தவர், சாட்சி என்று கீழே என் பெயர், கையெழுத்துக்குக் கோடு.

"அண்ணாச்சி, ஏழு ஓட்ட. நான் தண்ணி ஊத்துனேன்."

"ஊத்தினீரு. யாரு இல்லன்னா? உயிரிழப்பு இல்லன்னு அவன் ஊருக்கே டிவியில சொல்லியாச்சு. இனிமே இங்க ஒருத்தன் குண்டுல செத்தான்னு தாள் வந்தா செனட்டர் பொய் சொன்னாருன்னு ஆவும். அதுக்கு ஒரு லாண்டரிக்காரனயா பாப்பான்? கையெழுத்தப் போட்டுட்டு சோலியப் பாரும்."

"அவன் ஒரு மாத்திர சாப்பிட்டது கெடையாது. அவன் பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஒம்ம ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது கேட்டீரா? ஒம்ம மக காலேஜுக்கு எவ்ளோ கட்டுதீருன்னு ரிக்குக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லுதேன்."

ரிக் என்பவர் முகாமில் எங்கள் கம்பெனியின் மேலாளர். முன்னாள் சிப்பாய். தோளில் தட்டிப் பேசுவார்.

போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இவர்கள் சுதந்திரத்தை ஏற்றுமதி செய்கிறவர்கள், உலகத்துக்கே நீதி சொல்கிறவர்கள். ஒருவன் குண்டில் செத்தான் என்று ஒரு தாளில் எழுதத் துப்பில்லை.

மார்ச் 7, சனி

காலையில் வானிலை சரியில்லை, புழுதி. மதியத்துக்குக் கோழி வறுவல். மாவரைக்கும் இயந்திரம் பழுது.

மார்ச் 9, திங்கள்

ரஃபீக்கையும் இஸ்மாயிலையும் வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள், ஒரே நாளில், வேறு வேறு முகாமுக்கு.

என் ஒப்பந்தம் இரண்டு வருடம் நீட்டிப்பு. நல்லது.

நைனாவின் மனைவி பரக்கத் நிஷாவுக்குப் போன் செய்தேன். வேலையிடத்தில் இறந்துவிட்டான் என்று மட்டும் கம்பெனியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பெட்டி நாளை புறப்படுகிறது. ஊரில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று குடும்பத்துக்குப் பக்குவமாகச் சொல்லும்படி ரிக் கேட்டிருந்தார். நானும் சொன்னேன். குளிப்பாட்டுவதெல்லாம் இங்கேயே முறைப்படி நடந்துவிட்டது, மூன்று துணி, கற்பூரம், தொழுகை எல்லாம் ஆயிற்று என்றேன். அது பொய் இல்லை.

"நல்லபடியா செஞ்சீகளாண்ணே?"

"ஆமாம்மா. எங் கையாலதான் தண்ணி ஊத்துனேன்."

அழுதாள். நன்றி சொன்னாள். போனை வைத்ததும் ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கப் போனேன்.

மார்ச் 14, சனி

நேற்று ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்களாம். குளிப்பாட்டியது பற்றிப் பாதிரியார் விட்கோம் கையெழுத்திட்ட சான்று பெட்டியோடு போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜமாத்தார், "முறையெல்லாம் முடிஞ்சிருக்கு, மறுபடி தொறக்க வேணாம்" என்று முடிவு செய்தார்களாம். முகம் பார்க்காமலே மண் போட்டார்கள்.

பாதிரியார் மரியாதைக்காகச் செய்த காரியம் கம்பெனிக்குப் பூட்டாகப் பயன்பட்டுவிட்டது. அவருக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தால் ஜெபிப்பார். ஜெபித்து என்ன?

வட்ட மேசைக்கு எலுமிச்சை மாற்றவில்லை. ஐந்து நாளாகவே மாற்றவில்லை. காய்ந்து சுருண்டு கிடக்கிறது. ஒரு சார்ஜென்ட் அதைப் பார்த்துவிட்டு, இறந்தவர்களுக்கு இதுதான் நீ காட்டும் மரியாதையா என்று கத்தினார். "சாரி சார்" என்றேன். வாய்க்கு வந்ததைத் தமிழில் சொன்னேன். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

மார்ச் 19, வியாழன்

ஏதோ மாறியிருக்கிறது. இரண்டு வாரமாக அமைதி, அமைதி என்று பேசிக்கொண்டிருந்த டிவி இன்று பழிக்குப் பழி என்கிறது. உட்கட்சித் தேர்தலில் ஹால்வர்சனை எதிர்த்து நிற்பவன் அவரைக் கோழை என்று சொல்லிவிட்டானாம். "நம் முகாமை அடித்தார்கள், அவர் கை கட்டி நின்றார்" என்று விளம்பரம் ஓடுகிறதாம். ரிக் காப்பி வாங்க வந்தபோது சொன்னார். ஒரே வாரத்தில் செனட்டருக்கு ஆதரவு எட்டுப் புள்ளி சரிந்துவிட்டதாம்.

"அதற்கு இப்போது என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன்.

"திருப்பி அடிப்பார்கள்" என்றார். "ஆனால் யாரும் சாகவில்லை என்று சொல்லிவிட்டார்களே. அதுதான் சிக்கல்." சர்க்கரையை இரண்டு தரம் போட்டுக்கொண்டு போனார்.

மார்ச் 21, சனி

செனட்டர் நேரிலேயே வந்துவிட்டார். மூன்று கேமராக்காரர்கள் கூட. நேற்று முழுக்க எங்களைப் போட்டு வாட்டினார்கள். வட்ட மேசைக்கு நிஜ ரோஜா வந்தது, விமானத்தில். புது எலுமிச்சையை ரிக் பார்த்துக்கொண்டு நிற்க நறுக்கினேன்.

சாப்பிடுவதற்கு முன் செனட்டர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஜெபம் செய்தார். பிறகு அந்தக் காலி நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு பேசினார். "இந்த நாற்காலி இன்று வெறும் அடையாளம் அல்ல. மார்ச் மூன்றாம் தேதி நம் முகாம் குடும்பத்தில் ஒருவரை எதிரி கொன்றான். அவர் சீருடை அணியவில்லை. ஆனாலும் அவர் நம்மவர். அவருடைய ரத்தத்துக்குப் பதில் உண்டு."

நம்மவராம். பதினேழு நாளுக்கு முன்னால் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்றது இதே வாய். என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதை அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. வரிசை நகர்ந்தது, அவர் தட்டோடு என் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் ரிக் குனிந்து, "இவர்தான் இறந்தவரின் அறைத்தோழர்" என்றார். கேமரா என் பக்கம் திரும்பியது. செனட்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை மெத்தென்று இருந்தது. "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

பெயரே தெரியாமல்தான் ரத்தத்துக்குப் பதில் சொல்லக் கிளம்பியிருக்கிறார்.

"சீனி நைனா முகமது" என்றேன். கடைசிச் சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சுணக்கம் தெரிந்தது. பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக, "பெயர் வேண்டாம். 'ஒரு பணியாளர்' என்றே போடுங்கள்" என்றார். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்திருப்பார்.

மார்ச் 22, ஞாயிறு

ஞானதிரவியம் மறுபடியும் வந்தார். மறுபடியும் ஒரு தாள். இந்த முறை என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்தார்.

மார்ச் மூன்றாம் தேதி எதிரிகளின் ஆளில்லா விமானத் தாக்குதலில், வெடிகுண்டுச் சிதறல்களால் உடலில் ஏழு இடங்களில் காயம்பட்டு இறந்தார். உடலை நேரில் கண்ட சாட்சி. கீழே என் பெயர், கோடு.

"ஏழுன்னு எப்படித் தெரியும்?"

"நீரு சொன்னதுதான். நான்தான் ரிக்குகிட்ட சொன்னேன்." தாளை என் பக்கம் தள்ளி, "இது உண்மதானே வே? அன்னைக்கு இதத்தானே கேட்டீரு? போடும்," என்றார்.

உண்மைதான், ஒவ்வொரு வரியும். நான் கேட்டதும் இதைத்தான். இது எதற்கு வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். குண்டு போட ஒரு பிணம் தேவைப்படுகிறது. என்னிடம் ஒன்று இருக்கிறது.

ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மை ஒரு தாளிலாவது இருக்கட்டும், பரக்கத் நிஷாவுக்கு இது போய்ச் சேரட்டும், அவள் கையில் ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஏழாம் தேதி செய்ததற்கு இது பரிகாரம் ஆகும் என்றும் நினைத்தேன்.

போட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

மதியம் விமானங்கள் கிளம்பின. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான்கு மணிக்கு டிவியில் சொன்னார்கள். பன்னிரண்டு இலக்குகள் அழிப்பு. பொதுமக்களுக்குச் சேதம் ஏதும் இல்லை.

கூடத்தில் மேசையைத் தட்டி ஆரவாரம். ராத்திரி உணவுக்கு இறால் போடச் சொல்லி உத்தரவு.

மார்ச் 26, வியாழன்

யாசின் இரண்டு நாளாக வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ரொட்டியும் வெள்ளரிக்காயும் லாரியில் கொண்டுவருகிறவர். வாசலில் இறக்கிவிட்டுப் போவார், உள்ளே விட மாட்டார்கள். என்னைக் கண்டால், "ஹிந்தி, ஹிந்தி" என்று கூப்பிட்டு ஒரு சூடான ரொட்டியைக் கையில் திணிப்பார். நான் ஹிந்தி இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வாசல் காவலாளியைக் கேட்டேன். அந்த ஊருக்குப் போகும் சாலையே இல்லை என்றான். ஊர் என்ன ஆயிற்று என்றேன். வானத்தைப் பார்த்தான். இனிமேல் ரொட்டி உறைபெட்டியில் கப்பலில் வரும் என்று சமையலறைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டு இலக்கு. அதில் ஒன்று ரொட்டிக் கடையா? எனக்குத் தெரியாது. யாரும் சொல்லப் போவதில்லை. என் கையெழுத்து இல்லாவிட்டாலும் போட்டிருப்பார்கள் என்று ஞானதிரவியம் சொல்கிறார். அப்படியானால் எதற்கு என்னிடம் வாங்கினார்கள்?

மார்ச் 30, திங்கள்

பரக்கத் நிஷா போன் செய்தாள்.

"அண்ணே, கம்பெனியில இருந்து தபால் வந்துருக்கு. எங்க பக்கத்து வீட்டு டீச்சர் படிச்சுச் சொன்னாக. மாரடைப்புன்னு போட்டுருக்காம்ல?"

"வேற தாள் எதுவும் இல்லியா? ரெண்டாவது ஒண்ணு?"

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. எங்க மாமியா என்னையக் கொல்றாக. 'எம்மகனுக்கு நெஞ்சு நோவு இருந்துருக்கு, நீ கவனிக்கல, நோயாளிய வெளிநாட்டுக்கு அனுப்பிச்சுட்ட'ன்னு நாள் முச்சூடும் பேசுறாக. அவுகளுக்கு நெசமாவே நெஞ்சு நோவு இருந்துச்சாண்ணே? நீங்க கூடவே படுத்தவுக. எங்கிட்ட மறச்சாகளா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நேராக ரிக்கிடம் போனேன். அனுமதி கேட்கவில்லை, கதவைத் தட்டவில்லை. தாக்குதலில் செத்தான் என்று நான் போட்ட தாள் ஏன் குடும்பத்துக்குப் போகவில்லை என்று கேட்டேன். ரிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அது வேறு ஃபைல், உடை" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "அது செனட்டரின் கமிட்டிக்குப் போன ஃபைல். ரகசியம். குடும்பத்துக்குக் கம்பெனி ஃபைல். போரில் இறந்ததாக அதில் போட்டால் இன்சூரன்ஸ், விசாரணை, பதுங்கு அறை ஏன் இல்லை என்ற கேள்வி, எல்லாம் வரும். இரண்டிலும் சாட்சி நீதான். ஒன்றைப் பொய் என்று சொன்னால் நீ பொய்ச் சத்தியம் செய்தவன் ஆவாய். உனக்கு அது தேவையா?"

தோளில் தட்டினார்.

நைனா குண்டு போடுவதற்குக் குண்டில் செத்தான். பெண்டாட்டிக்கு மாரடைப்பில் செத்தான். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே சாட்சி. இவர்கள் நாட்டில் இதற்கு வெட்கப்பட ஒரு ஆள்கூடவா இல்லை? எல்லா உயிரும் புனிதம் என்று மார்பில் குத்திக்கொண்டு அலைகிறார்களே, அதை எந்தக் கடையில் வாங்குகிறார்கள்?

அவர்களைத் திட்டித் திட்டி மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். பேனா என் கையில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

சொல்லிவிட்டேன்.

போனில் இருபது நிமிடம். குண்டு விழுந்தது, இஸ்திரி மேசை, ஏழு காயம், பஞ்சு. மார்ச் ஏழாம் தேதி காலையில் நானே ரிக்கின் அறைக்கு நடந்து போய் மாரடைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டது. யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அதன் பிறகு இரண்டாவது தாள். அதை வைத்து அவர்கள் குண்டு போட்டது. எல்லாம் சொன்னேன். இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"இருக்கேன்," என்றாள்.

பிறகு கேட்டாள்: "குளிப்பாட்டியாச்சு, பொட்டியத் தொறக்க வேணாம்னு சொன்னது நீங்கதானேண்ணே?"

"நாந்தான்."

"அவன் கம்பெனிக்காரன் சொல்லிருந்தா எங்க ஜமாத்து கேட்டுருக்காது. கட்டாயம் தொறந்து பாத்துருப்பாக. ஒடையப்பண்ணன் சொல்லிட்டாக, கூடப்பொறந்தவன் மாதிரி இருந்தவுகன்னு நாந்தான் எல்லாரையும் தடுத்தேன். எம்புள்ள வாப்பா மொகத்தக் காட்டுன்னு பொட்டியப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அத இழுத்துட்டு வந்தது நானு."

மன்னிச்சிரும்மா என்றேன்.

"மன்னிப்பெல்லாம் எங்கிட்டக் கேக்காதீக, எங்கிட்ட இல்ல." குரல் நடுங்கவே இல்லை. "அவன் கேட்டான்னு ஒரு தடவ போட்டீக. அவனே மறுபடி கேட்டான்னு இன்னொரு தடவ போட்டீக. இப்ப நான் கேக்குறேன். நடந்தத நடந்தபடி தமிழ்ல எழுதி ஒங்க பேரப் போட்டு அனுப்புங்க. எங்க மாமியா, எங்க ஜமாத்து, கலெக்டரு, கோர்ட்டு, எல்லாருக்கும் காட்டுவேன். ஒங்களுக்கு வேல போகும். போகட்டும்."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்று அனுப்பிய கடிதத்தின் நகல். படம் எடுத்து அவளுக்கும், அவள் சொன்ன டீச்சருக்கும், பாதிரியார் விட்கோமுக்கும் அனுப்பினேன். கம்பெனிக்கும் ஒன்று. ஞானதிரவியம் வாங்கிப் படித்தார். "இனி ஒம்ம ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்" என்றார். போடுங்கள் என்றேன்.

பரக்கத் நிஷா அவர்களுக்கு,

திருவாடானை காத்தமுத்து மகன் உடையப்பன் எழுதுவது. உங்கள் கணவர் சீனி நைனா முகமதுக்கு எந்த நோயும் இருந்ததில்லை. அவர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. மார்ச் மூன்றாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு அமெரிக்க முகாமின் லாண்டரிக் கொட்டகையில் வேலையில் இருக்கும்போது ஆளில்லா விமானம் போட்ட குண்டில் இறந்தார். அந்தக் கொட்டகைக்குப் பதுங்கு அறை கட்டப்படவில்லை. மார்ச் ஐந்தாம் தேதி உடலைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றியவன் நான். இடது பக்கம் ஏழு காயங்களை எண்ணினேன். இது தெரிந்தே, ஏழாம் தேதி, மாரடைப்பு என்ற தாளில் என் வேலைக்காகக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் தேதி பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று உங்களிடம் சொன்னேன். இருபத்திரண்டாம் தேதி, குண்டில் இறந்தார் என்ற தாளிலும் கையெழுத்துப் போட்டேன். அதைக் காட்டி அவர்கள் பக்கத்து ஊரின் மேல் குண்டு போட்டார்கள். அங்கே யாரும் சாகவில்லை என்று டிவியில் சொன்னார்கள். இங்கே யாரும் சாகவில்லை என்று சொன்னதும் அவர்கள்தான்.

முதல் கையெழுத்தால் உங்கள் மகளுக்குத் தகப்பன் முகம் கிடைக்கவில்லை. இரண்டாவது கையெழுத்தால் யார் யாருக்கு யார் முகம் கிடைக்காமல் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது. இரண்டையும் போட்டது என் கை. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்டார்கள், போட்டேன்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். கூப்பிடும் இடத்துக்கு வந்து நின்று சொல்வேன்.

இப்படிக்கு,
கா. உடையப்பன்